மஸ்கிக்குப் பாசியில் சிக்காத ஸ்பின்னர்பெய்ட்: விரால் பிடித்த கை போதுமா?

கழிஞ்சூர் தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். நான் காட்பாடி ஆள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. ஜூன் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் மகள் வீட்டுக்கு மினசோட்டா போகிறோம். மினியாபொலிஸுக்கு மேற்கே, மினிடோங்கா ஏரிப் பக்கம் வீடு. மாப்பிள்ளைக்குத் தூண்டில் பழக்கம் கிடையாது. ஆனால் அவரோடு வேலை செய்கிற ஒருவரிடம் படகு இருக்கிறதாம், மஸ்கி என்கிற அந்த ஊர்ப் பெரிய வேட்டை மீன் என்றால் பைத்தியமாம். மாமனார் விரால் பிடிப்பவர் என்று கேள்விப்பட்டதும், ‘வரட்டும், நான் கூட்டிப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நம்ம ஏரிகள். காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, அப்புறம் பொன்னை ஆற்று மடுக்கள். ஏரியில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கரையில் கால் வைப்பேன். ஏழடி ராடு, நாற்பது பவுண்டு பிரெய்டு நரம்பு, பத்துப் பன்னிரண்டு கிராம் ரப்பர் தவளை. அதை ஆகாயத்தாமரை மேலே விழவைத்து, துள்ளத் துள்ள இழுத்து, சந்து தெரிகிற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினால் அடி விழும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடி ஏரியெல்லாம் கோடி போனதே, அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கைக்கு நல்ல வேலை இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படகுக்காரர் மாப்பிள்ளை மூலமாக ஒரு லூர், அதாவது செயற்கை இரை, படம் அனுப்பியிருக்கிறார். ஸ்பின்னர்பெய்ட். படுக்கவைத்த ‘வி’ மாதிரி வளைந்த கம்பி. மேல் கம்பியில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு தகடு. கீழ்க் கம்பியில் ஈயத் தலை, ரப்பர் குஞ்சம், ஒற்றை முள். மினிடோங்காவில் பாசி அதிகம், அதனால் பாசியில் சிக்காத இதைத்தான் போடுவோம் என்கிறார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள்ளுக்கு ஒரு மறைப்பும் இல்லை! வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தவளையில் முள் இரண்டும் உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கும், அது சிக்காது என்றால் ஒப்புக்கொள்ளலாம். இது எப்படிச் சிக்காமல் வரும்?

இன்னொன்று, என் ராடையே எடுத்துப் போகலாமா? விராலுக்குத் தவளையை விழுங்க நேரம் கொடுத்து, பிறகு முள் ஏற ராடைச் சுண்டி அடிக்கிற கை என்னுடையது. மஸ்கிக்கும் அப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழம்புக்கு ஆகுமா என்று கேட்கச் சொல்லி வீட்டில் உத்தரவு, அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டேன்.

ஆம்பூர் கத்தரி

அண்ணா, மஸ்கியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஸ்பின்னர்பெய்ட்டைக் கையால் செய்கிறவன். பகலில் தோல் வெட்டுகிற வேலை, ராத்திரியில் கம்பி வளைக்கிற வேலை. அதனால் உங்கள் முதல் கேள்வி என்னுடையது.

முள்ளை மறைப்பது மேலே இருக்கிற கம்பிதான். நரம்பு கட்டுகிற இடம் அந்த ‘வி’யின் மூக்கு. இழுக்கும்போது மூக்குதான் முன்னால் வரும். எதிரே ஒரு தண்டோ குச்சியோ வந்தால் முதலில் கம்பியில் மோதும், மேல் கம்பி வழியாகவே சறுக்கி முள்ளுக்கு மேலே ஏறிப் போய்விடும். தகடு சுழலும்போது மேல்நோக்கித் தூக்குவதால் லூர் கவிழாமல் நிமிர்ந்து வரும், முள் எப்போதும் கம்பியின் நிழலுக்குள்ளேயே இருக்கும். மேல் கம்பி குட்டையாக இருந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும். குறைந்தது முள் முனை வரைக்குமாவது அது நீண்டிருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இழுவை இருக்கும் வரைதான் இந்தக் கவசம். மரக் கிளை பக்கத்தில் நிறுத்தினால் லூர் ஒரு பக்கமாகச் சாயும், அப்போது முள் வெளியே வந்து மாட்டும். உங்கள் தவளை நின்றாலும் சிக்காது, இது ஓடினால்தான் சிக்காது. அதுபோலப் படுதாவாக மூடிக் கிடக்கிற பாசிக்கும் இது ஆகாது. முள் தப்பித்தாலும் தகடு தப்பாது. தகடு சுழல்கிற ஸ்விவலில் ஒரே ஒரு நார் சுற்றினால் போதும், தகடு நின்றுவிடும். நின்ற தகட்டை இழுத்துக்கொண்டு வருவது வெறும் கம்பியை இழுத்துக்கொண்டு வருவதுதான். தனித்தனியாக நிற்கிற தண்டு, அல்லிக் கொடி, சம்பு ஓரம், மூழ்கின மரம், இங்கெல்லாம்தான் இதன் ராஜ்ஜியம். நம்ம ஏரிகளில் உள்வாயில் கருவேல மரம் தண்ணீரில் நிற்குமே, அந்த அடிமரத்தில் வேண்டுமென்றே மோதவிட்டு இழுப்பேன். மோதி விலகுகிற அந்த நொடியில்தான் விரால் அடிக்கும்.

போடுவதற்கு முன்னால் லூரை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து பாருங்கள். மேல் கம்பியும் முள்ளும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒரு மீன் அடித்துவிட்டால் கம்பி கோணிக்கொள்ளும். கோணின லூர் சாய்ந்து ஓடும், சாய்ந்தால் சிக்கும். குறடால் நிமிர்த்திவிட்டு அடுத்த வீச்சு போடுங்கள்.

லூர் முள்ளில் தொங்கவிடுகிற வாலுக்கு நான் பிளாஸ்டிக் போடுவதில்லை. வேலூர் வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியில் பெட்டியை வைத்தால் அக்னி நட்சத்திரத்தில் பிளாஸ்டிக் வால்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். ஷூ உள்பக்கம் போடுகிற மெல்லிய ஆட்டுத்தோல் இருக்கிறதே, அதில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நுனியை இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து முள்ளில் குத்திவிடுவேன். நனைந்ததும் நன்றாக நெளியும், பல்லுக்கும் கிழியாது. வேண்டுமென்றால் நாலைந்து வெட்டித் தருகிறேன், அங்கே கொண்டு போங்கள்.

ஆற்காட்டான்

அண்ணா, வாங்க வாங்க. நான் ஆற்காடு, இப்போது இருப்பது செயின்ட் பால். ஆம்பூர் தம்பி சொன்னதற்கு மேல் அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மீனைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ராடு வீட்டிலேயே இருக்கட்டும். மஸ்கிக்குப் போடுகிற ஸ்பின்னர்பெய்ட் ஒன்றரை, இரண்டு அவுன்ஸ் எடை, அதாவது நாற்பதிலிருந்து அறுபது கிராம் வரை. விரால் ராடு அதை வீசவே திணறும். இங்கே எட்டரை, ஒன்பதடி ராடு, எண்பதிலிருந்து நூறு பவுண்டு பிரெய்டு. மீன் அவ்வளவு கனம் என்பதற்காக மட்டும் இல்லை. இவ்வளவு கனமான லூரை வேகமாக வீசும்போது ரீலில் நரம்பு சிக்கினால் மெல்லிய நரம்பு பட்டென்று அறுந்துவிடும், இருபது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கின லூர் தனியாகப் பறந்து போகும். நரம்புக்கும் லூருக்கும் நடுவே கம்பி லீடர் அல்லது நூறு பவுண்டுக்கு மேலான ஃப்ளூரோகார்பன் லீடர் கட்டாயம். மஸ்கி வாய்க்குள் இருக்கிற பல்லைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். படகுக்காரரிடம் இதெல்லாம் இருக்கும், நீங்கள் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.

மினிடோங்காவில் முக்கியமான பாசி யூரேசியன் மில்ஃபாயில். மினசோட்டாவிலேயே அது முதலில் தலைகாட்டினது இந்த ஏரியில்தான், 1987இல். இறகு இறகாக இலை, ஜூலையில் மேல்மட்டம் வரை வந்து படர்ந்துவிடும். நம்ம வேலம்பாசி மாதிரி மெத்து மெத்தென்று சுற்றிக்கொள்கிற ஜாதி. இன்னொன்றை இங்கே கேபேஜ் என்பார்கள், அகல இலை, தண்டு முறுக்கென்று இருக்கும். மஸ்கிக்காரர்களுக்கு கேபேஜ் என்றால் உயிர். இரண்டுக்கும் கை வேறு. கேபேஜில் லூர் பட்டால் ராடு நுனியைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டுங்கள், இலை கிழிந்து லூர் வெளியே துள்ளும். அந்தத் துள்ளலுக்கே மீன் வரும். மில்ஃபாயிலில் வெட்டினால் இன்னும் சுற்றிக்கொள்ளும், பேசாமல் இழுத்துக் கழுவிவிட்டு மறுபடி வீசுவதுதான் வழி.

படகு ஆழப் பக்கம் நிற்கும். பாசிக்கு மேலே நாலைந்தடி உள்ளே வீசுவீர்கள். லூர் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே ரீலைச் சுற்றத் தொடங்கிவிடுங்கள், ராடு நுனி உயரத்தில். தகடு மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஓடி, தண்ணீர் முதுகு மாதிரிப் புடைத்துக்கொண்டு வரும். மேல்மட்டம் கிழியக் கூடாது, புடைக்க மட்டும் வேண்டும். பாசி முடிகிற விளிம்பு வந்ததும் ராடைத் தாழ்த்தி, ஒரு நொடி விட்டுவிடுங்கள். தகடு தானாகச் சுழன்றபடி லூர் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில்தான் பாதி அடி விழும். ஆம்பூர் தம்பி ‘நிறுத்தாதே’ என்றது மரத்துக்கு. பாசி விளிம்புக்கு வெளியே, திறந்த தண்ணீரில் விடலாம்.

இப்போது உங்கள் கை. விராலுக்கு நேரம் கொடுத்த பழக்கத்தை விமானத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். மஸ்கி லூரைக் குறுக்கே கவ்விக்கொண்டு தாடையை இறுக்கிவிடும். இறுக்கின வாய்க்குள் லூர் நகராது, முள் ஏறாது. அது வாயைத் திறந்த கணத்தில் லூரைத் துப்பிவிடும். கையில் கனம் தெரிந்த அதே நொடியில், இரண்டு கையாலும், நரம்பில் தொய்வே இல்லாமல் அடிக்க வேண்டும். முள் அதற்குத் தகுந்த கூர்மையாக இருக்க வேண்டும். நகத்தின் மேல் முள் முனையை வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் போடுங்கள், குத்தி நின்றால் சரி. கடையில் வாங்கின புது லூரிலேயே பாதி வழுக்கும்.

இன்னொரு பழக்கம் புதிதாக வர வேண்டும். விரால் அடித்தால் அடித்தது, இல்லையென்றால் இல்லை. மஸ்கி அப்படி இல்லை, பின்னாலேயே வரும். படகு வரைக்கும் லூருக்கு ஒரு சாண் பின்னால், அவசரமே இல்லாமல், உங்களைப் பார்த்துக்கொண்டு வரும். லூரை அங்கே தண்ணீரைவிட்டு எடுத்தீர்களோ, போயிற்று. ஒரு முழம் நரம்பு மட்டும் வெளியே இருக்கும்படி சுற்றிவிட்டு, ராடு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, படகு ஓரமாகவே பெரிய எட்டு வரைய வேண்டும். திருப்பம் அகலமாக இருக்க வேண்டும். அவ்வளவு நீள உடம்பு சின்ன வளைவில் திரும்ப முடியாமல் லூரைத் தவறவிட்டுவிடும். மீன் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு போடுங்கள். ‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்று இதற்கு இங்கே பட்டப்பெயர், அதில் ஒரு பங்கு எட்டு போடாத சோம்பேறிகள் கொடுத்த பெயர் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் கொஞ்சம். வெளியூர்க்காரருக்கான லைசென்ஸ் மாநில இயற்கை வளத் துறை இணையதளத்தில் வாங்கலாம், சில நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகிறதும் உண்டு. கோடையில் ஒருவருக்கு ஒரே தூண்டில். கரையில் மூன்று ராடு நட்டு வைக்கிற வேலூர் பழக்கம் இங்கே செல்லாது. மஸ்கியை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் குறைந்தது 54 அங்குலம், அதாவது 137 செ.மீ. இருக்க வேண்டும். அந்த அளவு கிடைத்தாலும் விட்டுவிடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அதனால் அக்காவிடம் சொல்லிவிடுங்கள், குழம்புக்கு மஸ்கி இல்லை. குழம்புக்கு வால்லை இருக்கிறது, மினசோட்டாவின் மாநில மீனே அதுதான். முள் கம்மி, வெள்ளைச் சதை. புளி கொஞ்சம் தூக்கலாக வைத்தால் விராலை நினைக்கமாட்டீர்கள். (நினைப்பீர்கள். ஆனால் சமாளிக்கலாம்.)

மஸ்கிக்குப் போடுகிற இதே லூரை நார்தர்ன் பைக் என்கிற தம்பி மீனும் அடிக்கும், அதுதான் அதிகம் அடிக்கும். இரண்டும் ஒரே சாயல். பைக்குக்குக் கரும்பச்சை உடம்பில் வெளிர் புள்ளி, மஸ்கிக்கு வெளிர் உடம்பில் கருங்கோடு அல்லது கரும்புள்ளி. சந்தேகம் வந்தால் கீழ்த்தாடையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஊசித் துளை மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஐந்து அல்லது அதற்குக் குறைவு என்றால் பைக், ஆறும் அதற்கு மேலும் என்றால் மஸ்கி.

கழிஞ்சூர் தூண்டில்

தம்பிகளுக்கு நன்றி. முள் ஏன் அப்படி நிற்கிறது என்பது இப்போது புரிந்தது. ஆம்பூர் தம்பி, தோல் பட்டை கட்டாயம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன். ஒரே தூண்டில் சட்டம்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு கவலை. எனக்கு வலது தோள் அவ்வளவு சரியில்லை. உள்ளங்கை அளவு இரண்டு தகடு, அறுபது கிராம், நாள் முழுக்க வீசுவது என்றால் கணக்கு இடிக்கிறது. சிறிதாகப் போட்டால் மஸ்கி பார்க்கவே பார்க்காதா?

திருப்பத்தூர் டு டொராண்டோ

பார்க்கும் ஐயா, நன்றாகவே பார்க்கும். இந்த ஆற்காட்டுக்காரர் ஊரில் எல்லாமே பெரிதாகப் போட்டுப் பழகிவிட்டார்கள். நான் போவது ஒன்டாரியோவின் கவார்த்தா ஏரிகளுக்கு. அங்கே மஸ்கி அளவில் சிறிது, எண்ணிக்கையில் அதிகம், பாசி எக்கச்சக்கம். முக்கால் அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட்தான் என் பெட்டியில் பாதி.

எடையைவிடத் தோளை வாங்குவது தகடுதான். அகலமான வட்டத் தகடு, கொலராடோ என்பார்களே, அது தண்ணீரை அள்ளி அள்ளித் தள்ளும். கையில் துடிப்பு நன்றாகத் தெரியும், இருட்டிலும் கலங்கின தண்ணீரிலும் அதுதான் வேண்டும். ஆனால் அதில் பெரிய அளவு இரண்டை மாட்டிச் சாயங்காலம் வரை சுற்றினால் மறுநாள் சட்டை போட முடியாது. வில்லோ லீஃப் என்று நீளமான இலை வடிவத் தகடு ஒன்று உண்டு. இழுவை குறைவு. ஒல்லியாகச் சுற்றுவதால் பாசித் தண்டுகளுக்கு நடுவே சுலபமாக நுழையும், குப்பையும் கம்மியாக வாரும். தெளிந்த தண்ணீரில், வெயிலில் பளிச்சென்று மின்னும். படகுக்காரரிடம் ‘ஒரு அவுன்ஸ், வில்லோ’ என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பின்முள் என்று ஒன்றைக் கூடுதலாக மாட்டச் சொல்வார்கள், பெரிய முள்ளின் பின்னால் இன்னொரு முள். அடி தப்புகிற மீனுக்கு அது உதவும், ஆனால் அதற்குக் கம்பி நிழல் கிடையாது. பாசி ஏரியில் போட்டால் சிக்காத லூர் சிக்குகிற லூராகிவிடும். நான் போடுவதில்லை.

ஆற்காட்டான்

ஒத்துக்கொள்கிறேன், தோள் வலி இருக்கிறவருக்கு வில்லோதான். ஆனால் ஒரு அவுன்ஸ் என்று கேட்டு யாராவது பாஸ் என்கிற சிறிய மீனுக்குச் செய்த ஸ்பின்னர்பெய்ட்டைக் கையில் கொடுத்துவிடப் போகிறார்கள், அதில் எனக்குச் சம்மதமில்லை. எடை சிறிதாக இருக்கலாம், கம்பி மெல்லிதாக இருக்கக் கூடாது. பாஸ் லூர் கம்பி மெல்லிது, துடிப்புக்காக அப்படிச் செய்வது. மஸ்கி அதை ஒரே கவ்வில் முறுக்கிவிடும். முள்ளும் நிமிர்ந்துவிடும்.

கம்பியின் மூக்கையும் பாருங்கள். பாஸ் லூர்களில் நிறைய, கம்பி ‘வி’யின் நடுவில் ஒரு வளைவு மட்டும் போட்டுத் திறந்தபடி இருக்கும். நரம்பை நேராக முடிச்சுப் போட்டால் அது அங்கேயே நிற்கும், சரி. ஆனால் மஸ்கிக்கு லீடர் நுனியில் கொக்கி இருக்கும். அந்தக் கொக்கி திறந்த வளைவில் நிற்காது, வீசும்போது மேல் கம்பியில் ஏறிக்கொள்ளும். இழுத்தால் லூர் தலைகீழாக, குறுக்குவாட்டில் வரும். மீன் வந்தாலும் சிரித்துவிட்டுப் போகும். மூக்கில் முழு வளையமாக முறுக்கி மூடின கம்பிதான் வேண்டும். ஆம்பூர் தம்பி, நீங்கள் செய்வது எப்படி?

ஆம்பூர் கத்தரி

விராலுக்குத் திறந்த வளைவுதான் அண்ணா. கொக்கி போடாமல் நேராக முடிச்சு. வளையம் முறுக்கினால் அந்த இடத்தில் கம்பி களைத்து உடைகிறது என்று விட்டுவிட்டேன். தடித்த கம்பியில் முறுக்கிப் பார்க்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடையில் எவர்சில்வர் கம்பி கிடைக்கிறது, மஸ்கி அளவுக்கு ஒன்று செய்து காட்பாடி அண்ணாவிடம் கொடுத்துவிடுகிறேன். முள் சாமான் எல்லாம் செக்-இன் பெட்டியில், முனைக்குத் தக்கை குத்தி வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

திருப்பத்தூர் டு டொராண்டோ

அந்த ஆட்டுத்தோல் வால் எனக்கும் ஒன்று வேண்டும் போலிருக்கிறது. பன்றித் தோல் வால் இங்கே ஒரு காலத்தில் எல்லா மஸ்கிக்காரர் பெட்டியிலும் இருந்த பொருள். அதன் அண்ணன் தம்பிதான் இது.

ஐயா, ஜூலையில் அங்கே இருப்பீர்கள், இதை யாரும் சொல்லவில்லை. தண்ணீர் சூடு 27 டிகிரி செல்சியஸ் தாண்டினால் விவரமான மஸ்கிக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். நம்ம ஏரித் தண்ணீருக்கு அது ஒரு சூடே இல்லை, விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். மஸ்கிக்கு அந்த வசதி கிடையாது. சூடான தண்ணீரில் சண்டை போட்டுக் களைத்த மீன் நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு செத்துப்போகும். ஆகவே படகுக்காரர் ‘இந்த வாரம் வேண்டாம்’ என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

பிடித்தாலும் மீனை வலையிலேயே, தண்ணீருக்குள் வைத்து முள் எடுங்கள். நீள மூக்குக் குறடு வேண்டும். முள் வரவில்லையென்றால் முள்ளையே வெட்டுகிற பெரிய வெட்டுக் குறடு இருக்கும், தயங்காமல் வெட்டச் சொல்லுங்கள். ஒற்றை முள் ஸ்பின்னர்பெய்ட்டில் இந்த வேலை சுலபம், மூன்று மூன்று முனை முள் தொங்குகிற லூர்களில் மீனும் படும், கையும் படும். போட்டோவுக்குத் தூக்கும்போது செவுளில் தொங்கவிடாமல், ஒரு கை வயிற்றுக்கு அடியில் கொடுத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். நம்ம ஊரில் விராலைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கிக் காட்டுவோமே, அது குழம்புக்குப் போகிற மீனுக்கு.

கழிஞ்சூர் தூண்டில்

எல்லாம் குறித்துக்கொண்டேன். படகுக்காரருக்கு மாப்பிள்ளை மூலம் வில்லோ, மூடின வளையம் இரண்டும் சொல்லியாயிற்று. தன்னிடம் இருப்பதெல்லாம் மூடின வளையம்தான் என்று பதில் வந்தது, கொஞ்சம் கோபமாகவே.

கடைசியாக ஒன்று. அவர் அனுப்பின இன்னொரு படத்தில் அசல் விரால் மாதிரியே ஒரு மீன். உருண்ட உடம்பு, முதுகு நெடுக ஒரே நீளத் துடுப்பு. அமெரிக்காவில் விரால் உண்டா?

ஆற்காட்டான்

அது போஃபின் அண்ணா. இங்கே சிலர் டாக்ஃபிஷ் என்பார்கள். சாயலில் நம்மைக் குழப்பும், அதுவும் மேலே வந்து காற்றைக் குடிக்கும், பாசிக்குள்தான் கிடக்கும், குஞ்சைக் காவல் காக்கும். ஆனால் விராலுக்குச் சொந்தமே இல்லை, மிகப் பழைய வேறொரு வம்சம். வயிற்றுப் பக்கத்துத் துடுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். விராலுக்கு அந்தப் பின்துடுப்பு நீளமாக ஓடும், போஃபினுக்குக் குட்டை. ஆண் மீனுக்கு வால் தொடங்குகிற இடத்தில் கண் மாதிரி ஒரு கரும்புள்ளி இருக்கும்.

விரால் ஜாதியை உயிரோடு அமெரிக்காவுக்குள் கொண்டுவர 2002இலிருந்து தடை. அந்த வருடம் மேரிலாந்தில் ஒரு குளத்தில் வடக்கத்தி விரால் குஞ்சு பொரித்துப் பெருகி, பெரிய கலாட்டா ஆனது. மினசோட்டாவில் உங்களுக்கு விரால் கிடைக்காது, போஃபின் கிடைக்கும். ஸ்பின்னர்பெய்ட்டை அது ஆசையாக அடிக்கும், சண்டையும் விராலுக்குக் குறையாது. படகுக்காரர் அதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார், நீங்கள் கண்டுகொள்ளாமல் பிடித்து விளையாடுங்கள்.

ஏரியைவிட்டுக் கிளம்பும்போது படகின் அடி மூடியைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், டிரெய்லரில் ஒட்டின பாசியையெல்லாம் பிய்த்துப்போட வேண்டும். இங்கே அது சட்டம். மில்ஃபாயில் ஏரிக்கு ஏரி பரவினதே படகில் தொற்றிக்கொண்டுதான். அந்த வேலையில் கை கொடுங்கள், அடுத்த தடவையும் கூப்பிடுவார். செயின்ட் பால் பக்கம் வந்தால் சொல்லுங்கள், வால்லைக்கு நான் கூட்டிப் போகிறேன்.